முடிச்சூரில் ஒரு டிஸ்க் கோல்ஃப்

முடிச்சூரில் அந்தப் பையனைப் பார்த்து "தட்டு நாய்க்குப் போடுறதா தம்பி?" என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. தாம்பரத்தில் கல்லூரிப் படிப்பு. கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பெயர்தான் பெரிசு... டிஸ்க் கோல்ஃப்!

ஆட்டம் எளிது. கோல்ஃபில் பந்து, மட்டை, குழி. இதில் தட்டு, கை, கூடை. இரும்புக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும். தட்டு அதில் மோதி, கீழே இருக்கும் கூடையில் விழ வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவருக்கு வெற்றி. எல்லைக்கு வெளியே போனால் ஒரு வீச்சு அபராதம். பெரும்பாலும் நடுவர் கிடையாது. சேர்ந்து ஆடுபவர்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தன் தவறைத் தானே சொல்ல வேண்டும்.

சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் பால் மெக்பெத் 2021-ல் ஒரு தட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் பத்து வருடத்துக்கு 1 கோடி டாலர்! அதே வருடம் யூட்டாவில் நடந்த உலகப் போட்டியில், கடைசிக் கூடையில் 247 அடி தூரத்திலிருந்து ஒரே வீச்சில் போட்டு, அதே மெக்பெத்தைச் சமன் செய்தார் ஜேம்ஸ் கான்ராட். பிறகு பிளேஆஃபில் ஜெயித்தார். அந்த வீடியோவைப் பார்த்த ராத்திரிதான் பையனுக்குப் பித்து பிடித்தது.

தட்டு கிடைத்தது, பெசன்ட் நகர் கடற்கரையில் 'அல்டிமேட்' ஆடும் நண்பனிடமிருந்து. அந்த ஆட்டம் சென்னைக்குப் புதிதல்ல. ஃப்ளை வைல்ட் என்ற சென்னை அணியைப் பற்றிய '175 கிராம்ஸ்' குறும்படம் 2015-ல் சன்டான்ஸ் விழா வரை போய்வந்தது. 175 கிராம், அந்தத் தட்டின் எடை.

சரி, கூடைக்கு எங்கே போவது? தெருக்கோடியில் இருந்த காலி மனைகளில் ஒரு வேப்பமரம், உடைந்த தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்த பெயிண்ட் டப்பா என்று ஒன்பது இலக்குகள் குறித்தான். ஆட்டம் பிறந்ததும் இப்படித்தான். எட் ஹெட்ரிக் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தபோது இலக்குகள் வெறும் கம்பங்களே. சங்கிலிக் கூடை அப்புறம்தான் வந்தது.

களம் அமைப்பதில்தான் சுவாரஸ்யம். மண்ணை வெட்டி மேடு பள்ளம் செய்ய வேண்டியதில்லை. இருக்கிற நிலத்தை நடந்து பார்த்துப் படித்தால் போதும். வலக்கைக்காரர் குறுக்கே இழுத்து வீசும் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும். ஒரு இலக்கு அதற்குத் தோதாக இருந்தால், அடுத்தது நேர் எதிராக இருக்க வேண்டும். மாலைக் கடற்காற்று எந்தப் பக்கம், மழை விட்ட பிறகு தண்ணீர் எங்கே தேங்குகிறது... எல்லாம் அவன் நோட்டில் இருந்தன.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது அவனுக்குப் பத்து வயது. மொட்டை மாடியிலிருந்து பார்த்த அந்தத் தண்ணீர் வந்த வழிதான் இப்போது அவனுடைய மூன்றாவது இலக்குக்கான பாதை.

ஒரு நாள் காலையில் போனால், எட்டாவது இலக்குக்குப் பக்கத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். அடுத்த வாரம் தொட்டியும் காணோம். ஒன்பது, ஏழாகிவிட்டது.

ஓக் குரோவ் இன்று ஹஹமோங்னா நீர்ப்பிடிப்புப் பூங்காவில் சேர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே வெள்ளத்தைத் தடுக்க 1920-ல் கட்டிய அணை. வெள்ளம் வந்தால் தண்ணீருக்கு, வராத நாட்களில் மனிதருக்கு என்று அங்கே ஒரு பெரிய இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். நம் புறநகரில் தாழ்ந்த நிலம் என்றாலே மனைதானா? யோசித்துப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க ஒரு குடும்பம் வந்தது. புரோக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அப்பா பையனிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?"

இல்லை என்று சொன்னால் வம்பில்லை. புரோக்கர் தெரிந்தவர், அதே தெருக்காரர். பையன் கொஞ்சம் தயங்கினான். பிறகு நோட்டைத் திறந்து, மூன்றாவது இலக்கின் பக்கத்தை அவரிடம் நீட்டினான்.