கூலி வேறு, தானம் வேறு

மான்செஸ்டரிலிருந்து.



போன வியாழக்கிழமை நான் நீட்டிய பத்துப் பவுண்டு நோட்டு என் கைக்கே திரும்பி வந்தது. நான்கு நாளாகியும் மனம் ஆறவில்லை. அதனால்தான் மும்பை வாசகர்களுக்கு இந்த மடல்.

இங்கே ஒரு தேவாலயக் கூடத்தில் வாரத்துக்கு ஒரு நாள், புகலிடம் கேட்டு வந்த பெண்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு இடம் கொடுக்கிறது. சூடான், எரித்ரியா, ஈரான், நைஜீரியா என்று பல தேசத்துப் பெண்கள் வருவார்கள். ஒரு மேஜையில் ஆங்கிலப் பாடம். இன்னொன்றில் அரிசியும் டின் உணவும். மூலையில் யாரோ கொடுத்த குளிர்கோட்டுகள். ஜன்னலோரம் இரண்டு தையல் மெஷின்கள். வந்துபோகிற பஸ் காசையும் அமைப்பே கொடுத்துவிடும். நான் தேநீர் போடுவேன். தமிழ்ப் பெண்கள் வந்தால், அவர்களுக்கு வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வேன்.

அப்படிப் பழக்கமானவள்தான் இலங்கையில் வன்னிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கை. மாட்டுங்காவில் தைத்த என் பட்டு ரவிக்கை இரண்டு வருடமாக உடம்புக்குப் பற்றாமல் பெட்டியில் கிடந்தது. அதை அவளிடம் கொடுத்தேன். பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே மடித்து விட்டிருந்த துணியை வெளியே எடுத்தாள். அக்குளில் சின்னதாக ஒரு சதுரத் துண்டு வைத்தாள். கொக்கிப் பட்டியைத் தள்ளித் தைத்து, ஓரத்தைக் கையாலேயே ஹெம்மிங் செய்து கொடுத்தாள். எங்கே பிரித்தாள், எங்கே சேர்த்தாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஊரிலை மெஷின் வைச்சுத் தைச்சனான் அக்கா" என்றாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

பத்துப் பவுண்டை நீட்டினேன். சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேண்டாமக்கா. பிறகு என்ர கேஸ் பழுதாப் போயிடும்."

கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் பார்த்துவிட்டு அருகே வந்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் கொடுக்க அனுமதி இல்லை என்றார். ஒரு மூட்டை அரிசி வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். செய்த வேலைக்கு ஈடாகத் தந்தால் அதுவும் சம்பளம்தானாம். அந்த மேஜையில் இருக்கிற அரிசியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டு போகலாம். அது தானம்.

இந்த விதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இங்கே வந்து அடைக்கலம் கேட்கிறவர், அரசு முடிவு சொல்லும்வரை 'புகலிடம் கோருபவர்'. சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் 'அகதி'. அகதியாகிவிட்டால் எந்த வேலைக்கும் போகலாம். அதுவரை கூலி வேலை கூடாது, சொந்தத் தொழிலும் கூடாது. 12 மாதம் கடந்தும் முடிவு வராமல், தாமதத்துக்குக் காரணம் அவர் இல்லை என்றால், வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் அரசு பட்டியல் போட்டு வைத்திருக்கிற வேலைகள் மட்டும்தான். அனுமதியில்லாமல் வேலை செய்தால் குற்றம். தொண்டு அமைப்புக்குச் சும்மா உழைத்துக் கொடுக்கலாம், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு பென்னி கூடாது. முன்பெல்லாம் 6 மாதம் காத்திருந்தால் வேலை அனுமதி கேட்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. 2002 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி? சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் வைத்திருந்தால் ஆளுக்கு வாரம் 49 பவுண்டு 18 பென்ஸ் ஒரு கார்டில் ஏறும்; 2024 ஜனவரியில் வந்த கணக்கு இது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 பவுண்டு. அந்த வருடம் இந்த ஊரில் பஸ்ஸில் ஒருமுறை ஏறி இறங்க 2 பவுண்டு ஆனது. எந்த ஊரில், எந்த வீட்டில் வைப்பார்கள் என்பதை இவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. 2000-இல் பணத்துக்குப் பதில் கூப்பன் கொடுத்தார்கள். கடையில் கூப்பனுக்குக் குறைவாகச் சாமான் வாங்கினால் மீதிச் சில்லறை தரக் கூடாது என்று விதி. அந்த அவமானம் 2002-இல்தான் ஒழிந்தது.

வீடு, படி, வைத்தியம் எல்லாம் கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தங்கை சொன்னதைக் கேளுங்கள். "கை சும்மா இருந்தா மண்டை ஓடத் தொடங்கும் அக்கா. இரவிலை நித்திரை இல்லை." போர் முடிந்த 2009 மே மாதத்தை வன்னியில் கடந்து வந்தவள் அவள். அவள் மண்டை எங்கே ஓடும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அன்றிரவு எனக்கும் தூக்கமில்லை. செம்பூர்தான் கண் முன்னால் வந்தது. திருச்செம்பூர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்புகிற வெள்ளிக்கிழமைச் சாயங்காலம், அம்மாவின் தலையில் மாட்டுங்கா மார்க்கெட் மல்லிகை, வாசலில் பாப்பட் மாசி. எங்கள் பகுதியில் செம்பூர் கேம்ப்பிலிருந்து வரும் சிந்தி அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். தகர டின்னைத் திறந்தால் மிளகும் சீரகமும் மணக்கும். நம் அப்பளத்தைவிடப் பெரிது, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு மேலேயே தெரியும். எண்ணெயில் பொரிக்க விடமாட்டார். அடுப்பை மூட்டச் சொல்லி, நெருப்பில் வாட்டி, ஒரு டம்ளர் தண்ணீரோடு எங்களுக்கே எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு பாப்பட்டும் தண்ணீரும் தருவது அவர்கள் வழக்கம். விருந்தாளி அவர்தான், உபசாரம் எங்களுக்கு. கராச்சியிலிருந்து கப்பலில் வந்தபோது இரண்டு பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். அழவில்லை. சொல்லிக்கொண்டே சில்லறையை எண்ணிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

1947-க்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்தவர்கள் செம்பூரிலும் கல்யாணிலும் ராணுவ பாரக்குகளில் தங்கினார்கள். கல்யாண் முகாமில் மட்டும் ஒரு லட்சம் பேர் அளவுக்கு. 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அதற்கு உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டி அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி. ஆதரவற்ற அகதிப் பெண்களுக்காக மத்திய அரசின் மறுவாழ்வு அமைச்சகத்திலேயே தனிப் பிரிவு இருந்தது. ராமேஸ்வரி நேரு சம்பளம் வாங்காமல் அதை நடத்தினார். கமலாதேவி சட்டோபாத்யாய் ஃபரீதாபாதில் அகதிகளைக் கூட்டுறவாகச் சேர்த்துத் தொழிலில் இறக்கினார். இலவச ரேஷனை ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும், அதற்குள் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். மாசியிடம் அனுமதிச் சீட்டு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. பாப்பட் நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். தாராவியில் விடிவதற்கு முன்னே எழுந்து இட்லி அவித்து, சைக்கிள்காரர்களுக்கு அடுக்கிக் கொடுக்கிற நம் பெண்களையும் மும்பை அப்படித்தான் ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் ஈழத்துப் பெண்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களுக்குள் பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகச் சேர்த்தது. குழந்தைகளின் சத்துக்குறைவுக்காக ஸ்பைருலினா பாசியை வளர்த்துப் பக்குவப்படுத்தவும் பழக்கியது. 2021-இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உதவித்தொகையை உயர்த்தியது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் முகாமை விட்டு வெளியே போய் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். 1951-ஆம் வருடத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. பிரிட்டன் போட்டது. கையெழுத்துப் போட்ட நாட்டில்தான் என் தங்கையின் கை கட்டிக் கிடக்கிறது.

இங்கேயும் நல்ல உள்ளங்கள் இருக்கின்றன. இந்த ஊரிலேயே புகலிடம் கோரும் பெண்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் 'விமன் அசைலம் சீக்கர்ஸ் டுகெதர்' இருக்கிறது. லண்டனில் நடாஷா வால்டர் 2006-இல் தொடங்கிய 'விமன் ஃபார் ரெஃப்யூஜி விமன்' அமைப்பு, கர்ப்பிணிகளைக் குடிவரவுக் காவலில் அடைக்காதே என்று போராடிய அமைப்புகளில் முன்வரிசையில் நின்றது. 2016-இல் வந்த சட்டம் அந்தக் காவலுக்கு 72 மணி நேர வரம்பு வைத்தது, அமைச்சர் ஒப்புதல் தந்தால் ஒரு வாரம். 6 மாதத்தில் வேலை உரிமை கொடு என்று 2018 முதல் பல அமைப்புகள் சேர்ந்து 'லிஃப்ட் த பேன்' இயக்கம் நடத்துகின்றன. அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் கூடத்துப் பொறுப்பாளர் அம்மாளும் போட்டிருக்கிறார்.

அந்தத் தங்கைக்கு நான் தர வேண்டிய பத்துப் பவுண்டு அப்படியே நிற்கிறது. என்றைக்கு அவளுக்கு அனுமதி வருகிறதோ, அன்றைக்கு முதல் கூலியாக அதைக் கொடுப்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 1927-இல் தொடங்கி, மாட்டுங்காவில் இருக்கிற ஷ்ரத்தானந்த் மகிளா ஆசிரமம் ஆகட்டும், உங்கள் ஊரில் பெண்களுக்கு நிழல் தரும் வேறெந்த இல்லம் ஆகட்டும், வீட்டு விசேஷத்துக்கு அன்னதானம் செய்வது நம் வழக்கம். அதை விடாதீர்கள். கூடவே அங்கிருக்கும் பெண்களிடம், "உங்களுக்கு என்ன வேலை தெரியும் அம்மா?" என்று கேளுங்கள். தைக்கத் தெரியும் என்றால் ரவிக்கை கொடுங்கள். ஊறுகாய் போடத் தெரியும் என்றால் இரண்டு பாட்டில் வாங்குங்கள். பேரம் பேசாமல் கூலியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அதைச் செய்ய உங்களுக்குத் தடை எதுவும் இல்லை.