சண்டிகார்: புதுநகரின் மடியில் ஒரு பழைய உலகம்

டில்லி மாநகருக்கு வடக்கே, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரத்தில், சிவாலிக் மலைச்சாரலிலே அமைந்துள்ளது சண்டிகார். வட இந்தியாவின் பழம்பெரும் நகரங்களிலே சந்துகளில் வழிதேடி அலைந்த யாத்திரிகனுக்கு இந்நகரம் பெருவியப்பளிக்கும். கோடு கிழித்தாற் போன்ற வீதிகள்; இருமருங்கும் நிழல் மரங்கள்; பெயருக்குப் பதிலாக எண் தாங்கிய வட்டாரங்கள். அவ்வெண்களிலே 13 மட்டும் தொடக்கத்தில் இல்லை! மேனாட்டார் ஆகாதெனக் கருதும் எண் அது என்பர். புதுமையும் தனக்கென ஒரு சகுனத்தைக் கொண்டுவந்துவிட்டது போலும்.

1947இல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. பழைய மரபுகளின் தளையற்ற நகரமொன்று எழவேண்டுமெனப் பண்டித நேரு விரும்பினார். 1951இல் லெ கோர்பூசியே என்னும் கட்டடக் கலைஞர் அப்பணியை ஏற்றார். 1953இல் இராசேந்திர பிரசாத் நகரைத் திறந்து வைத்தார். சாதிக்கொரு தெருவென்னும் பழைய வழக்கம் இங்கே இல்லை. ஆயினும் அரசாங்க ஊழியரின் வீடுகள், அமைச்சர் முதல் சேவகர் வரை, பதவி வரிசைப்படியே வகுக்கப்பட்டன.

நகரம் எழுந்த நிலமோ வெறுநிலமன்று. அங்கே கிராமங்கள் இருந்தன. அயலிலிருந்த சண்டி தேவியின் கோயிலே நகருக்குப் பெயர் தந்தது. கோயிலின் பெயர் நிலைத்தது. கிராமங்களின் வீடுகள் இடிபட்டன.

அந்த இடிபாடுகளைப் பொறுக்கியவர் நேக் சந்த். பிரிவினையின்போது பாகிஸ்தானிலுள்ள தம் கிராமத்தை இழந்து வந்தவர்; இப்புதுநகரிலே வீதி மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர். 1957 முதல் உடைந்த ஓடு, பானை, கண்ணாடிக் காப்பு ஆகியவற்றைச் சேர்த்து, கட்டடம் எழுப்பத் தடைசெய்யப்பட்ட சுக்னா ஏரிக்கரைக் காட்டினுள்ளே, ஒருவரும் அறியாமல் சிலைகள் செய்தார். வேலை முடிந்த பின் இராக்காலமே அவருக்குத் துணை. இவ்விரகசியம் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது.

அதிகாரிகள் கண்டறிந்தபோது, சட்டப்படி அது இடிக்கப்பட வேண்டியதே. ஆனால் 1976இல் அதே இடம் 'கற்பூங்கா'வாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; அவருக்குச் சம்பளமும் உதவியாட்களும் கொடுக்கப்பட்டனர். இன்று அங்கே வளைந்து செல்லும் ஒடுங்கிய பாதைகள், தலைகுனிந்து நுழையவேண்டிய சிறு வாயில்கள், உடைந்த காப்புகளை ஆடையாக உடுத்த பெண்ணுருவங்கள், அருவிகள் எல்லாம் உண்டு. திட்டமிட்ட நகரம் விலக்கிய கிராமத்து ஒழுங்கையே அங்கு மீண்டும் வந்திருக்கிறது.

கோர்பூசியேயின் அரசாங்க மாளிகைத் தொகுதி 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மரபை உதறி எழுந்த நகரமே இன்று பேணவேண்டிய மரபாகிவிட்டது! அதற்கு மிக அண்மையிலேயே நேக் சந்தின் பூங்காவும் இருக்கிறது. நேர்வீதியும் வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டுமென இளந்தலைமுறை விரும்புவது குற்றமன்று. ஆனால் வீட்டை இழந்து வந்தவன் தன் நினைவுகளை எங்கே வைப்பான்? நகரின் வரைபடத்திலே அதற்கு இடம் குறிக்கப்படவில்லை. அவனே அதைத் தேடிக்கொண்டான். அவ்விடத்தை இடிக்காது விட்ட பெருந்தன்மையும் சண்டிகாரின் சிறப்புகளுள் ஒன்றாகும்.