மருத்துவர் என்ற சொல்லுக்குள் யார் வரலாம்?

2025 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அவள் இயன்முறை மருத்துவர். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறாள். அதற்கு முந்தைய நாள்தான், இயன்முறைச் சிகிச்சையாளர்கள் தம் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் கடிதம் வெளியிட்டிருந்தது. மறுநாளே அந்தக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அக்காவின் மருத்துவமனையில் முதல் கடிதத்தைப் பார்த்த உடனேயே அவளது அறைக்கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். இரண்டாம் கடிதம் வந்த பிறகு அதைத் திரும்ப மாட்டுவதற்கு எவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

"நீதானே மொழியியல் படிச்சவன். ஒரு சொல்லுக்கு எதுக்குடா இவ்வளவு சண்டை?" என்று கேட்டாள்.

சொற்களின் பொருள் சமூக உடன்பாட்டால் அமைவது, அந்த உடன்பாட்டை யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது என்றெல்லாம் வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, என்கிட்ட வர்ற நோயாளிக்கு இதுல என்ன இருக்கு?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்த நீண்ட பதிவு அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். சுகாதாரச் சட்டங்களின் வரையறைப் பிரிவுகளை ஆய்வு செய்கிறவன் என்ற முறையில், அப்போது என் மேசையில் திறந்து கிடந்த ஓர் அமெரிக்கச் சட்டப்பிரிவின் வழியாகவே அதை எழுதத் துணிகிறேன்.

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1861(ஆர்) பிரிவு, முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில் 'மருத்துவர்' என்ற சொல் யாரைக் குறிக்கும் என்று வரையறுக்கிறது. அதன் ஐந்தாம் உட்பிரிவில் கைரோபிராக்டர் வருகிறார். முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை செய்யும் தொழிலைச் சார்ந்தவர் அவர். இந்தப் பிரிவின்படி அவர் மருத்துவர்தான். ஆனால் ஒரே ஒரு செயலைப் பொறுத்த அளவில் மட்டுமே. 'சப்லக்சேஷன்' எனப்படும் முதுகெலும்பு நிலைபிறழ்வைச் சரிசெய்வதற்காகக் கையால் செய்யும் சிகிச்சைக்கு மட்டும் அவர் மருத்துவர். அதே நோயாளியை அதே அறையில் உட்காரவைத்து அவர் பரிசோதிக்கும்போது, இந்தச் சட்டத்தின் கண்களில் அவர் மருத்துவர் அல்லர். ஒரு மனிதர் ஒரு வினையைச் செய்யும்போது மட்டும் ஒரு பெயர்ச்சொல்லுக்குள் வந்து, வினை முடிந்ததும் வெளியேறுகிறார். இப்படிப்பட்ட வரையறை எப்படிப் பிறந்தது?

கைரோபிராக்டிக் 1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பவரால் தொடங்கப்பட்டது. முதுகெலும்பின் நிலைபிறழ்வே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவரது கொள்கை. நவீன மருத்துவம் அதை ஏற்கவில்லை. மாநிலங்கள் ஒவ்வொன்றாக உரிமம் வழங்கத் தொடங்கி, கடைசி மாநிலமான லூசியானா 1974இல்தான் வழங்கியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவ ஒழிப்புக்கென ஒரு குழுவை அமைத்து, கைரோபிராக்டிக்கை அதன் முதன்மை இலக்காக வைத்திருந்தது. 1968இல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே ஓர் அறிக்கை அளித்து, இதை மெடிகேரில் சேர்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

ஆயினும் 1972இல் நாடாளுமன்றம் சேர்த்தது. கைரோபிராக்டர்களின் சங்கங்கள் பல ஆண்டுகள் நடத்திய பரப்புரையின் விளைவு அது. ஆனால் எதிர்ப்பும் வலுவாக இருந்ததால் வாசல் முழுதாகத் திறக்கப்படவில்லை. ஒரு சொல்லின் அளவுக்கு மட்டுமே திறந்தது. நிலைபிறழ்வு இருப்பது எக்ஸ்ரே படத்தால் காட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், கைரோபிராக்டர் அந்த எக்ஸ்ரேயை எடுத்தால் அதற்கு மெடிகேர் பணம் தராது. இந்த நிபந்தனை 2000ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

இந்த வரலாற்றை முதன்முறை படித்தபோது, அறிவியல் தோற்று அரசியல் வென்ற கதை என்றே என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பிறகு மெடிகேரின் பட்டியல் முறையைப் படித்தபோது அந்தக் குறிப்பு போதவில்லை என்று தெரிந்தது.

எலும்பியல் மருத்துவருக்கு சப்லக்சேஷன் என்றால் பகுதியளவு மூட்டு விலகல், படத்தில் தெரியும். கைரோபிராக்டிக் மரபில் அதே சொல் பெரும்பாலும் படத்தில் தெரியாத ஓர் இயக்கக் குறைபாட்டைக் குறிக்கிறது. இரு சமூகங்கள் ஒரே சொல்லை இரு பொருளில் வழங்க, சட்டம் அந்தச் சொல்லை எடுத்துப் பணம் செலுத்துவதற்கான நிபந்தனையாக்கியது. இதற்கிடையில் தொழிலுக்குள்ளேயே கருத்து மாறியது. பிரிட்டனில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் மன்றம், இந்த நிலைபிறழ்வுக் கோட்பாடு வரலாற்றுக் கருத்தாக்கம் மட்டுமே, இது நோய்க்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று 2010இல் அறிவித்தது. அமெரிக்காவிலும் சான்றுகளை மதிக்கும் கைரோபிராக்டர்கள் பலர் இச்சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் மெடிகேருக்குக் கணக்கு அனுப்பும்போது அதை எழுதியே ஆக வேண்டும். தான் நம்பாத ஒரு சொல்லை எழுதினால்தான் செய்த வேலைக்குக் கூலி கிடைக்கும் என்ற நிலை. 1972இல் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்களோ, அந்தச் சொல்லிலேயே சிக்கிக்கொண்டார்கள்.

இதில் நோயாளிக்கு என்ன என்பதுதானே அக்காவின் கேள்வி? அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீழ்முதுகு வலிக்கு முதலில் மருந்தில்லாச் சிகிச்சைகளை நாடச் சொல்கிறது. நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி அதில் இடம்பெறுகிறது. முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையும் இடம்பெறுகிறது, சான்று வலுக் குறைந்தது என்ற குறிப்புடன். நல்ல கைரோபிராக்டர் ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து, ஆபத்தான அறிகுறி இருந்தால் வேறிடம் அனுப்பி, பயிற்சி கற்றுத்தந்து, தேவையானால் கையால் சிகிச்சை செய்வார். மெடிகேர் இவற்றுள் கடைசிச் செயலுக்கு மட்டுமே பணம் தருகிறது. பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் முதியவர் தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். அவசரமாக முதுகைச் சொடுக்கி அனுப்புகிறவருக்கு முழுக்கூலியும், உட்கார்ந்து விளக்குகிறவருக்கு இழப்பும் வரும்படி வரையறை அமைந்துவிட்டது.

எனவேதான் அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கம் இப்போது வேறு கோரிக்கையை முன்வைக்கிறது. மாநில உரிமம் அனுமதிக்கும் சேவைகளில் மெடிகேர் ஏற்கெனவே பிறருக்குப் பணம் தருபவற்றைக் கைரோபிராக்டர் செய்தாலும் பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கான சட்டமுன்வரைவு 2019, 2021, 2023, 2025 என நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவ அமைப்பில் 2002 சனவரியில் கையெழுத்தான சட்டத்தின் வழியாகக் கைரோபிராக்டர்கள் 2004 முதல் பணிபுரிகிறார்கள் என்பதும், அங்கே அவர்கள் நோயாளியைப் பரிசோதிக்கவும் செய்கிறார்கள் என்பதும் அவர்களது வாதம். ஒரே அரசு, ஒரே தொழில், இரண்டு வரையறைகள்.

ஆனால் இந்தக் கோரிக்கையை எழுதும்போது மறைக்கக் கூடாத இரண்டு உண்மைகள் உண்டு. முதலாவது, விரிவாக்கம் ஏற்கெனவே ஒருமுறை சோதிக்கப்பட்டது. 2005 ஏப்ரல் முதல் 2007 மார்ச் வரை மேய்ன், நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களிலும், இலினாய், அயோவா, வர்ஜீனியா ஆகியவற்றின் சில பகுதிகளிலும் மெடிகேர் கூடுதல் சேவைகளுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தது. மொத்தச் செலவு கூடக் கூடாது என்பது நிபந்தனை. சுமார் 5 கோடி டாலர் கூடியது. அதில் பெரும்பகுதி சிகாகோ வட்டாரத்தில். அந்தத் தொகையை மீட்க, 2010 முதல் நாடு முழுவதும் கைரோபிராக்டர்களின் கட்டணத்தில் 2 விழுக்காடு பிடிக்கப்பட்டது. சோதனையில் பங்கேற்காதவர்களும் அந்தச் சுமையைத் தாங்கினார்கள்.

இரண்டாவது, கணக்குத் தணிக்கை. மெடிகேர், நோயாளி முன்னேறிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே பணம் தரும். நிலைமையைத் தக்கவைக்கும் தொடர் சிகிச்சைக்குத் தராது. முன்னேற்றம் எதிர்பார்க்கப்படும் சிகிச்சை என்பதைக் காட்டக் கணக்கில் 'ஏடி' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். 2013இல் கைரோபிராக்டிக் சேவைகளுக்கு மெடிகேர் செலுத்திய தொகையில் சுமார் 82 விழுக்காடு விதிகளுக்கு உட்படவில்லை என்று அரசின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016இல் மதிப்பிட்டது. இது முழுவதும் மோசடி என்று பொருளல்ல. ஆவணம் போதாமையும், தேவைக்கு மேல் நீண்ட சிகிச்சையும் இதில் அடங்கும். ஆயினும் எங்களை நம்புங்கள் என்று கேட்கும் ஒரு தொழில் முதலில் எதிர்கொள்ள வேண்டிய எண் இதுதான்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவள் மகிழவில்லை. "எங்கள அவங்களோட சேக்காத" என்றாள். இணையக் காணொளிகளில் கழுத்தைச் சொடுக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, எனக்கும் அப்படிச் செய்யுங்கள் என்று வரும் இளைஞர்களை அவள் வாரந்தோறும் திருப்பி அனுப்புகிறாள். கழுத்தைத் திருப்பும்போது அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருப்பதை அவளே எனக்குச் சொன்னாள். அவளது கோபம் நியாயமானது. இரு தொழில்களின் அறிவடிப்படையும் ஒன்றல்ல. 2021இன் தேசிய சுகாதாரத் துணைத்தொழில் ஆணையச் சட்டம் இயன்முறைச் சிகிச்சையை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான் ஒப்பிட்டது தொழில்களை அல்ல, அவை அரசிடம் கேட்கும் முறையை என்று விளக்கினேன். பாதி ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பிறகு இருவரும் பெரியம்மாவைப் பற்றிப் பேசினோம். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றுகிறவர். இரண்டாண்டுகளுக்கு முன் இடுப்பு வலி கால்வரை இறங்கியது. ஆறு வாரம் பயிற்சி வேண்டும் என்றார் எலும்பு மருத்துவர். பெரியம்மா தம் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனார். படுக்கையில் சேர்ந்தால் செல்லும், வந்துபோகும் சிகிச்சைக்குச் செல்லாது என்றார்கள். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் அமைப்பும் இதுவே. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்ப்பார்கள். ஆனால் போகும் நாளெல்லாம் அன்றைய கூலி போகும். நான்கு முறை போய்வந்து நிறுத்திவிட்டார். கடைசியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கு அட்டை செல்லுபடியானது. பயிற்சியைத் தொடர்ந்திருந்தால் அறுவை தவிர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்ல மாட்டாள். ஆனால் 'உள்நோயாளி' என்ற ஒரு சொல் இரண்டு வழிகளுள் ஒன்றை மட்டும் திறந்துவைத்திருந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அங்கே திட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது சேவை. வருகிறவரின் பெயருக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று எந்தப் பாட்டியும் கேட்பதில்லை.

அக்காவுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பெயர்ப்பலகைக்காகப் போராடுங்கள், மதிப்பும் ஊதியமும் அதோடு பிணைந்திருப்பதால் அது சிறிய விஷயமல்ல. ஆனால் உங்கள் சங்கம் அடுத்த முறை தில்லிக்கு மனு எழுதும்போது முதல் பக்கத்தில் பெரியம்மாவின் ஆறு வாரங்களைக் கேளுங்கள். எத்தனை அமர்வு, எந்த நோய்க்கு, என்ன சான்று, பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவோம் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு யாரோ உங்களுக்காக ஒரு சொல்லைத் தேர்ந்து தருவார்கள். அதற்குள் ஐம்பது ஆண்டுகள் இருக்க வேண்டிவரும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வேட்டை முடித்தால் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' வரும். எவரும் என்னிடம் மாத்திரை கேட்க மாட்டார்கள். அக்காவின் தொழிலுக்கு நாம் வழங்கும் பெயரோ 'இயன்முறை மருத்துவர்'. ஆங்கிலத்தில் மறுக்கப்பட்ட சொல்லைத் தமிழ் எப்போதோ கொடுத்துவிட்டது. இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதி அவளே மாட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். மருத்துவமனை என்ன செய்யும் என்று தெரியவில்லை.

பொதுச் சுகாதாரத்திலும் சட்டத்திலும் ஆய்வு செய்யும் நண்பர்கள், இந்தியத் திட்டங்களில் வந்துபோகும் சிகிச்சைக்கு இடம் கேட்டு எழுதப்பட்ட மனுக்கள் ஏதேனும் பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் பகிருங்கள். அக்காவின் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.