காற்றின் வழியில் ஒரு திரை

வீட்டுச் சுவரில் காற்று வருவதற்கென விடப்பட்ட வழியைக் 'காலதர்' என்றனர் முன்னோர். 'கால்' என்பது காற்று. 'அதர்' என்பது வழி. பல கண்களை உடையது என்பதால் 'பலகணி' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. இன்று எல்லோர் நாவிலும் வழங்கும் 'ஜன்னல்' போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். சிலப்பதிகாரம் மான்கண் போன்ற காலதர்களை உடைய மாளிகைகளைக் காட்டுகிறது. நெடுநல்வாடையோ, வேனிலில் தென்றலைத் தந்த சாளரம் கூதிர்காலத்தில் தாழிட்டு அடைபட்டதைச் சொல்கிறது. எந்தக் காற்றுக்குத் திறப்பது, எந்தக் காற்றுக்கு அடைப்பது என்னும் கணக்கு அன்றே இருந்திருக்கிறது. இன்று திரைச்சீலை வாங்கப் புறப்படுவோர் பலர் அந்தக் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சுவரின் நிறத்தை மட்டும் நினைவில் கொண்டு கடைக்குச் செல்கின்றனர்.

மதுரையில் ஒரு தெருவோர வீட்டுக்குக் குடிபெயர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவ்வாறு செல்லவில்லை. முதல் வாரம் முழுவதும் சாளரங்களைத் திரையின்றியே விட்டுவைத்தார். எந்தச் சாளரத்தில் எந்நேரம் வெயில் விழுகிறது, எதன் வழியே காற்று வருகிறது, எதன் வழியே தெரு உள்ளே பார்க்கிறது என ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். நீள அகலங்களை அதன்பின்னரே அளந்தார்.

அவரை மிகுதியும் வருத்தியது மேற்குச் சாளரம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இருமுறை நண்பகற் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. உயரத்திலிருந்து விழும் அந்த வெயிலைச் சாளரத்தின் மேல் நீண்டிருக்கும் சன்ஷேடு தடுத்துவிடும். பிற்பகலில் தாழ்ந்து சாய்ந்து வரும் மேற்கு வெயிலோ அதன் அடியில் புகுந்து கட்டில் வரை வந்துவிடும். வெளிச்சம் புகாத தடித்த திரையே இதற்கு மருந்து என்றார் கடைக்காரர். அது பாதி மருந்துதான். கண்ணாடி வெயிலை எளிதில் உள்ளே விடும். அந்த வெயிலால் சூடேறிய பொருள்கள் உமிழும் வெப்பத்தை அவ்வளவு எளிதில் வெளியே விடாது. கண்ணாடிக்கு உட்புறம் தொங்கும் துணி, ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட வெப்பத்தைத்தான் எதிர்கொள்கிறது. வெளிர்நிற உள்துணி தைத்த திரை வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. ஆயினும் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதற்கு ஈடு வேறில்லை.

அதைச் செய்வது எளிய மூங்கில் தட்டி. ஆசிரியை மேற்குச் சாளரத்தின் வெளிப்புறம் சுருட்டி ஏற்றத்தக்க ஒரு தட்டியைக் கட்டுவித்தார். கோடையின் கடுமையான வாரங்களில் அங்கே வெட்டிவேர்த் தட்டி தொங்கியது. நீர் தெளித்தால் அது ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், மணம் இலவசம். மதுரை போன்ற வறண்ட வெப்பமுள்ள ஊரில்தான் அதன் ஆற்றல் முழுமையாக விளங்கும். ஈரக்காற்று நிறைந்த கடற்கரை ஊர்களில் நீர் விரைந்து ஆவியாகாததால் குளிர்ச்சி குறைவு. காயவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வெயிலை வெளியே நிறுத்தும் இக்கருத்தை ஒரு கட்டடம் முழுவதற்கும் விரித்தவர் ஆண்டனின் ரேமண்ட். அவர் 1930களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்த கோல்கொண்டே விடுதியில், வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பதிலாகத் திருப்பிச் சாய்க்கத்தக்க தகடுகள் வரிசையாக நிற்கின்றன. காற்று புகும்; வெயில் புகாது. வீட்டுக்குள் மாட்டும் பட்டைத் திரைகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் அவற்றின் ஒவ்வொரு பட்டையிலும் தூசி படியும். துடைக்க ஆளும் பொறுமையும் உள்ள வீட்டுக்கே அவை பொருந்தும்.

சமையலறைச் சாளரத்துக்கு ஆசிரியை திரையே வாங்கவில்லை. அடுப்பருகில் துணி தொங்குவது தீயை அழைப்பதற்குச் சமம். குளியலறைக்கு உருத்தெரியாக் கண்ணாடி போதும். வடக்குச் சாளரத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் நேர்வெயில் விழாது. படிக்கும் மேசை அங்கே சென்றது. திரை மெல்லியதாக அமைந்தது. வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிக்கும் பக்கம் அதுவே என்பதால், தரையைத் தொடும் நீளத்தை அவர் மறுத்துவிட்டார்.

துணி கரூரிலிருந்து வந்த பருத்தி. பருத்தி சுருங்கும் என்பதால் நனைத்து உலர்த்தியபின்பே தைக்கக் கொடுத்தார். மடிப்புகள் அழகாக விழச் சாளரத்தின் அகலத்தைப்போல் இருமடங்கு துணி வேண்டும். கம்பி சட்டத்தைத் தாண்டி இருபுறமும் நீண்டிருந்தால், விலக்கிய திரை கண்ணாடியை மறைக்காது சுவரில் ஒதுங்கும். இதைக் கவனியாததால் பாதி வெளிச்சத்தை இழந்த வீடுகள் ஏராளம்.

எஞ்சியது தெருவை நோக்கிய முன்னறைச் சாளரம். அதனருகே கட்டிலில் இருந்தவர் ஆசிரியையின் தாயார். இடுப்பெலும்பு முறிந்தபின் அவருக்கு எழுந்து நடக்க இயலவில்லை. பூக்காரி, பால்காரர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எனத் தெருவே அவருக்கு உலகமாயிற்று.

"தெருவில் போகிறவர்கள் எல்லாம் அம்மா படுத்திருப்பதைப் பார்ப்பார்களே, அக்கா! தடித்த திரையாகப் போட்டுவிடலாம்" என்றார் தம்பி.

"பார்க்கட்டுமே, தம்பி! நானும் அவர்களைப் பார்க்கிறேன் அல்லவா?" என்றார் தாயார்.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. சாளரத்தின் கீழ்ப்பாதியை மட்டும் மறைக்கும் அரைத்திரை, தெருவோர வீடுகளுக்குப் பெரிதும் ஏற்றது. மேற்பாதியில் ஒளியும் காற்றும் தடையின்றி வரும். ஆனால் படுத்திருப்பவரின் கண்மட்டம் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. நிற்பவருக்கு வானமும் தெருவும் தெரியும்; படுத்தவருக்குத் துணி மட்டுமே தெரியும். சாளரத்தை அளப்பவர்கள் நின்றுகொண்டே அளப்பதால் இது எளிதில் புலப்படுவதில்லை. ஆசிரியை தாயாரின் தலையணையில் தலைவைத்துப் பார்த்தபின் அரைத்திரையைக் கைவிட்டார்.

மாறாக, இரு கம்பிகளில் இரு திரைகள் வந்தன. முதலாவது வலைபோல் மெல்லியது. பகலில் வெளியே ஒளி மிகுந்திருப்பதால், உள்ளிருப்பவர் அதனூடே தெருவைக் காணலாம். தெருவிலிருப்பவருக்கு அறை தெளிவாகத் தெரியாது. விளக்கேற்றியதும் இந்நிலை தலைகீழாகிவிடும். அதே திரை உள்ளிருப்பவரைக் காட்டிக்கொடுக்கும். அந்நேரத்துக்கு என இரண்டாவது, தடித்த திரை. அதை இழுப்பதற்குக் கடைக்காரர் நீண்ட கயிறு பொருத்த முனைந்தபோது ஆசிரியை தடுத்தார். விடுமுறையில் வரும் இரண்டு வயதுப் பேரனின் கழுத்துயரத்தில் கயிற்றுக் கண்ணி தொங்கலாகாது. குழந்தைகள் அதில் சிக்கி உயிரிழப்பதுண்டு. கயிற்றுக்குப் பதிலாகத் திரையின் விளிம்பில் மெல்லிய மரக்கோல் ஒன்று பொருத்தப்பட்டது. அதன் முனை கட்டிலிலிருந்து கைக்கு எட்டும் தொலைவில் நின்றது.

அன்று மாலை விளக்கேற்றியதும் மகள் திரையை மூட வந்தார். "இன்னும் அந்தக் கடைசிப் பையன் வரவில்லை" என்று சொல்லி, கோலின் முனையைத் தாயார் தம் கையிலேயே பிடித்துக்கொண்டார்.