கல் நகரத்தில் மூன்று நாட்கள்

அல்பேனியா என்ற பெயரை நாம் பூகோளப் பாடத்திற் கற்கவில்லை. எழுபதுகளின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றின் வாங்கில் அமர்ந்து, திரானாவில் அச்சாகி வந்த ஆங்கிலச் சஞ்சிகைகளை எழுத்தெழுத்தாகப் படித்தே அறிந்தோம். 1961 இல் சோவியத் யூனியனோடு முறித்துக்கொண்டு சீனாவின் பக்கம் நின்ற சின்னஞ்சிறு நாடு அது. இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியும் 1964 அளவில் மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு எனப் பிளவுண்டபின், பீக்கிங் பக்கம் நின்ற எம்போன்ற இளைஞருக்கு அல்பேனியா ஒரு நாடாக அன்றி ஓர் உதாரணமாகவே இருந்தது. 1969 இல் அங்கே நேர்வரி ஒழிக்கப்பட்டது என்று மேடைகளிற் பேசினோம். போர் முடிந்தபோது ஐவரில் நால்வர் எழுத்தறியாதிருந்த நாடு இன்று படித்த நாடு என்று பேசினோம். ஆனால், அந்நாட்டு மனிதர் ஒருவரையேனும் நாம் கண்டதில்லை.

ஐம்பதாண்டுகள் கழித்து, ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற நாம் இருவரும் திரானாவில் தெற்கு நோக்கிச் செல்லும் பஸ் வண்டி ஒன்றில் ஏறினோம். வியோசா ஆற்றோரமாகத் தெப்பெலேனாவைக் கடந்து அது எம்மை ஜிரோகாஸ்தர் நகரிற் கொண்டுபோய் இறக்கிற்று. வழியெங்கும் தோட்டங்களின் நடுவிலும், ஆட்டுப்பட்டிகளின் அருகிலும், காளான் முளைத்தாற்போலக் கொங்கிறீற்றுக் குமிழ்கள். அன்வர் ஹோஜாவின் ஆட்சி எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நாடெங்கும் கட்டிய பங்கர்கள் அவை. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றை நோக்கி எந்தப் படையும் வரவில்லை. 'பங்கர்' என்ற சொல்லை எமக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எம்மூரில் அதனை அரசு கட்டித்தரவில்லை. வீட்டு முற்றத்தில் நாமே வெட்டிப் பனங்குற்றி அடுக்கினோம். அங்கு குண்டு வந்தது.

ஜிரோகாஸ்தரில் சுவரும் கல், தெருவும் கல், கூரையும் கல். ஓட்டுக்குப் பதிலாகத் தட்டைக் கற்களை வரிசையாக வேய்ந்திருக்கிறார்கள். ஹோஜா 1908 இல் இங்கேதான் பிறந்தார். அந்நாட்டின் பெரும் நாவலாசிரியரும், 2024 இல் மறைந்தவருமாகிய இஸ்மாயில் கதாரே 1936 இல் பிறந்ததும் இவ்வூரிலேயே. ஹோஜா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது பழைய வீட்டுப் பொருள்கள் நிறைந்த நூதனசாலை ஒன்று உண்டு. தொட்டிலும் தறியும் பார்த்துவிட்டு வந்தோம்.

நாம் தங்கியது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில். வயது எழுபதைத் தாண்டிய அம்மையார். திரானாவிற் படிக்கும் அவரது பேர்த்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உதவினாள். வாசலில் கால் வைத்ததும் ஒரு சிறு தட்டில் அத்திப்பழப் பாகும், குளிர்ந்த நீரும், கோப்பியும் வந்தன. பயணம் சுகமா என்று கேட்டபோது நாம் எமது வழக்கப்படி தலையை இருபுறமும் ஆட்டினோம். மேற்கு நாட்டார் இதனைக் கண்டு திகைப்பது வழக்கம். அம்மையாரோ சிரித்துக்கொண்டு தாமும் அவ்வாறே ஆட்டினார். அவருக்கும் அது 'ஆம்' தான்.

அவர்தம் மொழியில் 'மிக்' என்ற ஒரே சொல் விருந்தினனையும் நண்பனையும் குறிக்கும். கொடுத்த வாக்கினைப் 'பெசா' என்பர். வீட்டுக்குள் வந்தவனைக் காப்பதும் அதனுள் அடங்கும். 1943 இல் ஜெர்மானியப் படை புகுந்தபோது யூதரை வீடு வீடாக மறைத்து வைத்த மக்கள் இவர்கள். போர் தொடங்கியபோது இருந்ததினும் அதிகமான யூதர் போர் முடிவில் அந்நாட்டில் இருந்தனர். இத்தகைய மக்களைத்தான் அவர்களது அரசு பல பத்தாண்டுகள் விருந்தாளி இல்லாதோராக வைத்திருந்தது. அனுமதி பெற்று வந்த சிலரும் தாடியிருந்தால் எல்லையில் மழித்த பின்னரே உள்ளே செல்லலாம். எம்மிருவரில் ஒருவருக்கு அன்று தொட்டுத் தாடி உண்டு. அம்மையார் அதனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டாம் நாள் மாலை அண்டை வீட்டார் நால்வர் வந்து பாடினர். ஒருவர் தொடங்க, மற்றொருவர் குறுக்கே எதிர்க்குரல் கொடுக்க, ஏனையோர் ஒரே சுரத்தை விடாது பிடித்து நின்றனர். சுருதிப் பெட்டியின் வேலையை அங்கே மனிதத் தொண்டையே செய்கிறது. யுனெஸ்கோ 2005 இல் சிறப்பித்த பாட்டு முறை இது.

பாடியவர்கள் சென்றபின் நாம் உற்சாகமாக எமது இளமைக் கதையைச் சொன்னோம்: வாசிகசாலை, சஞ்சிகைகள், எழுத்தறிவு இயக்கம். பேர்த்தி வியப்போடு மொழிபெயர்த்தாள். அம்மையார் உள்ளே சென்று ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்துவந்தார். எழுத்தறியாத நாற்பது வயதுக்குட்பட்டோர் அனைவரும் வகுப்புக்குச் செல்லவேண்டும் என்று 1949 இல் சட்டம் வந்தபோது, இருபத்துநான்கு வயதில் அவருடைய தாயார் இரவு வகுப்பில் எழுதிய கொப்பி. ஒரு பக்கம் முழுவதும் அவரது பெயர். முதற் பெயர் கோணல். கடைசிப் பெயர் நேர். "சஞ்சிகைகள் எழுதியது பொய்யல்ல" என்றார்.

பின்பு தமையனைப் பற்றிச் சொன்னார். 1975 இல், கடை வரிசையில் நின்றபோது இறைச்சி கிடைப்பதில்லை என்று அவர் முணுமுணுத்தார். 'கிளர்ச்சியும் பிரசாரமும்' என்ற குற்றப்பிரிவின் கீழ் எட்டாண்டுச் சிறை. வடக்கே மிர்தித்தா மலைகளில், ஸ்பாச் என்னுமிடத்தில் கைதிகளைக் கொண்டு செம்பும் பைரைற்றும் தோண்டுவித்த சுரங்கம் அது. அவரது தங்கையின் வாழ்க்கைக் குறிப்பும் கறைபட்டதாயிற்று. பாடசாலையிலிருந்து நீக்கிக் கூட்டுப்பண்ணையின் புகையிலைத் தோட்டத்துக்கு அனுப்பினர். வகுப்பறைக்குள் அவர் மீண்டும் நுழைந்தது 1991 இல்.

"இவையும் உங்கள் சஞ்சிகைகளில் வந்தனவா?"

வரவில்லை என்றோம். அம்மையார் தலையசைத்துவிட்டு விளக்கை அணைக்கச் சென்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சஞ்சிகைகளில் வரவில்லை என்பது மெய். ஆனால் அச்சிறைகளைப் பற்றிய செய்தி வேறு வழியாக எம்மை எட்டியே இருந்தது. ஏகாதிபத்தியப் பொய் என்று ஒதுக்கினோம். வாசிகசாலையில் அதுபற்றிக் கேட்ட உயர்வகுப்பு மாணவன் ஒருவனைப் பலர் முன்னிலையில் ஏளனம் செய்து இருத்தியவர்கள் நாமே. அவன் பிறகு வரவில்லை. இன்னொன்றும் நினைவில் எழுந்தது. 1967 இல் அல்பேனியாவின் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் இழுத்து மூடப்பட்டன; அடுத்த ஆண்டு மாவிட்டபுரத்தில் எமது தோழர்கள் கோயிற்கதவைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்கச்சொல்லி அடிபட்டனர். அடைத்தவனையும் திறக்கப் போராடியவனையும் ஒரே வாயால் புகழ்ந்தோம். அன்று இது முரணாகத் தோன்றவில்லை. மாவிட்டபுரத்துக்காக நாம் இன்றும் வெட்கப்பட எதுவுமில்லை, வெட்கம் மற்றதற்காக.

காலையில் கோப்பி அருந்தும்போது அந்த மாணவன் கதையை அம்மையாரிடம் சொன்னோம். பேர்த்தி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அம்மையார் நெடுநேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத் தொழிலாளரெல்லாம் அல்பேனியாவைப் பார்த்து ஏங்குகிறார்கள் என்ற பாடத்தைத் தமையன் பிடிபடும் நாள்வரை தாமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகக் கூறினார். "நம்பியே சொல்லிக்கொடுத்தேன். உங்களைப் போன்றவர்கள் இருந்தீர்கள் என்பது அப்போது தெரிந்திருந்தால் இன்னும் உரத்துச் சொல்லியிருப்பேன்."

பேர்த்தி படிப்பு முடிந்ததும் ஜெர்மனிக்குப் போகிறாள். 2023 இல் எடுத்த குடிசன மதிப்பில் நாட்டு மக்கள் 24 இலட்சமே. 1989 இல் 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தனர். எமது பிள்ளைகள் எங்கே என்று அம்மையார் கேட்டார். ஒருவன் கனடாவில், ஒருத்தி நோர்வேயில் என்றோம். அவர் தலையை இருபுறமும் ஆட்டினார்.

அறைக்கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். உணவுக்கு வாங்க மறுத்துவிட்டார். பஸ் நிலையம் வரை இறங்கி வந்து, அத்திப்பழப் பாகு ஒரு போத்தலை எம் பையினுள் வைத்தார். மார்ச் 7 அந்நாட்டு ஆசிரியர் தினம். 1887 இல் அந்நாளில்தான் கோர்ச்சா நகரில் முதலாவது அல்பேனிய மொழிப் பாடசாலை திறக்கப்பட்டது. அன்று கடிதம் எழுதுங்கள் என்றார். எந்த மொழியில் என்று கேட்டோம். உங்கள் மொழியில் எழுதுங்கள், எழுத்து எப்படியிருக்கும் என்று பார்க்கவேண்டும் என்றார்.