ஓர் எழுத்து மட்டும் மிச்சம்

ஜப்பானில் யோகோஹாமா எஃப்.மரினோஸ் என்று ஒரு கால்பந்து அணி இருக்கிறது. பெரிய அணி. பலமுறை சாம்பியன். பெயருக்கு நடுவில் அந்த ‘எஃப்’ எதற்கு என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘ஃபுட்பால்தான், வேறென்ன?’ என்பார்கள்.

அதுதான் இல்லை. செத்துப்போன இன்னொரு அணியின் இனிஷியல் அது.

எனக்குக் கால்பந்தில் பெரிய பாண்டித்தியம் எல்லாம் கிடையாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று யாராவது விளக்கினால் இன்றைக்கும் புரிந்த மாதிரி தலையாட்டி வைப்பேன். 2002 உலகக் கோப்பை ஃபைனலில் ரொனால்டோ இரண்டு கோல் போட்டுவிட்டுச் சிரிக்க, ஜெர்மனியின் ஆலிவர் கான் கோல் கம்பத்தில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அது நடந்த இடம் யோகோஹாமா. இவ்வளவு பெரிய மைதானத்தில் மற்ற நாட்களில் யார் ஆடுவார்கள் என்று துருவப் போனதில்தான் இந்தக் கதை கையில் சிக்கியது.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

ஜப்பானில் ரொம்ப காலம் கால்பந்து என்பது கம்பெனி விளையாட்டு. நிஸான் ஒரு அணி வைத்திருக்கும், மிட்ஸுபிஷி ஒரு அணி வைத்திருக்கும். ஆடுபவர்களில் பலர் அந்தந்தக் கம்பெனி ஊழியர்கள். மைதானத்தில் கூட்டம் சொற்பம். இதை மாற்றத்தான் 1993 மே 15-ம் தேதி ‘ஜே லீக்’ பிறந்தது. பத்து அணிகள். தலைவர் சபுரோ கவாபுச்சி என்பவர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். அணிக்கு ஊர்ப் பெயர்தான் இருக்க வேண்டும், கம்பெனி பெயர் கூடாது. அணி ஊர்க்காரர்களுடையது, முதலாளியுடையது அல்ல என்பது அவர் சித்தாந்தம்.

யோகோஹாமாவுக்கு மட்டும் இரண்டு அணிகள் வாய்த்தன. ஒன்று, நிஸான் வளர்த்த மரினோஸ். ஸ்பானிஷில் ‘மாலுமிகள்’. துறைமுக நகரம் அல்லவா! இன்னொன்று ஃப்ளூகல்ஸ். ஜெர்மன் மொழியில் ‘ஃப்ளூகல்’ என்றால் சிறகு. வளர்த்தது ஆல் நிப்பான் ஏர்வேஸ் விமானக் கம்பெனி. கூடவே சாட்டோ கோக்யோ என்ற கட்டுமான நிறுவனமும் பணம் போட்டது.

கவாபுச்சி சொன்னபடி சட்டையில் ஊர்ப் பெயர் வந்துவிட்டது. செக்கில் கையெழுத்துப் போடுவது மட்டும் பழைய கம்பெனிகள்தான். கதையின் வில்லங்கமே இந்த இடத்தில்தான்.

ஃப்ளூகல்ஸ் ஒன்றும் சோடை போன அணி இல்லை. 1994 புத்தாண்டு அன்று பேரரசர் கோப்பையை ஜெயித்தது. அடுத்த வருடம் ஆசியக் கோப்பை வென்றவர்களுக்கான போட்டியிலும் பட்டம். பிரேசிலிலிருந்து ஸின்ஹோ, எவைர், சீஸர் சாம்பையோ என்று பெரிய கைகளைக் கூட்டி வந்தார்கள். 1998 உலகக் கோப்பையின் முதல் கோலைப் போட்டது யார் தெரியுமா? இந்த சாம்பையோதான். அப்போது அவர் ஃப்ளூகல்ஸ் ஆட்டக்காரர்.

அந்த வருடம்தான் இடி விழுந்தது. ஜப்பானின் பொருளாதாரம் படுத்திருந்த நேரம். வங்கிகளே இழுத்து மூடிக்கொண்டிருந்தன. சாட்டோ கோக்யோ ‘இனி என்னால் முடியாது’ என்று விலகிக்கொண்டது. (2002-ல் அந்த நிறுவனமே திவாலானது.) விமானக் கம்பெனிக்குத் தனியாக அந்தப் பாரத்தைச் சுமக்க விருப்பமில்லை. 1998 அக்டோபர் 29. ஃப்ளூகல்ஸ், மரினோஸுடன் ‘இணைகிறது’ என்று அறிவித்தார்கள்.

‘இணைப்பு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்யும். நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியும் ஒருநாள் இப்படித்தான் பெரிய கம்பெனியோடு ‘இணைந்தது’. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். மறுமாதம் வாசல் போர்டு மாறியது. எங்கள் கேன்டீனில் இருபது வருஷம் டீ போட்டவர், ‘சார், ரெண்டு கம்பெனி சேர்ந்தா டீ ரெண்டு மடங்கு போகணும்ல? என்னை ஏன் வேணாங்கறாங்க?’ என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

யோகோஹாமா ரசிகர்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார்கள். அவர்களைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. ஊரின் அணி என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, மூடும்போது மட்டும் அது கம்பெனியின் சொத்தாகிவிட்டது. தெருத்தெருவாக நின்று லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். மரினோஸ் ரசிகர்களும் சேர்ந்து வாங்கினார்கள் என்பதுதான் விசேஷம். ஒரே ஊரின் பரம எதிரி! ‘நீ இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவது?’ என்கிற பாசம். டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆட்டக்காரர்கள் மட்டும் நினைக்கவில்லை.

அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் செரேஸோ ஒஸாகாவுடன் ஆட்டம். ஏழு கோல் போட்டார்கள், ஒன்றுகூட வாங்கவில்லை. அதற்குப் பிறகும் தோற்கவே இல்லை. லீக் முடிந்தது. மிச்சம் இருந்தது பேரரசர் கோப்பை மட்டும். 1921-ல் தொடங்கிய பழம்பெரும் போட்டி. தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட் முறை.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மற்ற அணிகளுக்கு நாக் அவுட்டில் தோற்றால் கோப்பை போகும். வீட்டுக்குப் போய் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இவர்களுக்குத் தோற்றால் அணியே போய்விடும். அன்றைய ஆட்டம்தான் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இன்னும் சில நாள் ஆயுசு. ஒவ்வொரு வெற்றியும் ஆயுள் நீட்டிப்பு!

பயிற்சியாளர் கெர்ட் எங்கெல்ஸ் ஒரு ஜெர்மானியர். காலிறுதியில் ஜூபிலோ இவாட்டா. அரையிறுதியில் காஷிமா ஆண்ட்லர்ஸ். அந்த வருட லீக்கில் காஷிமா முதலிடம், ஜூபிலோ இரண்டாமிடம். இரண்டையும் சாய்த்துவிட்டு ஃபைனலுக்கு வந்தார்கள். 1999 ஜனவரி 1, டோக்கியோ தேசிய மைதானம். எதிரே ஷிமிஸு எஸ்-பல்ஸ். முதல் கோல் ஷிமிஸுவுக்கு. இடைவேளைக்குள் குபோயாமா சமன் செய்தார். இரண்டாம் பாதியில் டகாயுகி யோஷிடா என்கிற 21 வயதுப் பையன் ஒரு கோல் போட்டார். 2-1.

கேப்டன் யமகுச்சி கோப்பையைத் தூக்கினார். நாட்டின் சாம்பியன். ஆனால் மறுநாள் போய் பயிற்சி செய்ய அணி கிடையாது. அடுத்த மாதம் நடந்த சூப்பர் கோப்பையில் லீக் சாம்பியனும் பேரரசர் கோப்பை சாம்பியனும் மோத வேண்டும். லீக் சாம்பியன் காஷிமா வந்தது. ஃப்ளூகல்ஸுக்குப் பதிலாக, ஃபைனலில் தோற்ற ஷிமிஸு வந்தது. ஜெயித்தவர்தான் உலகத்திலேயே இல்லையே!

மரினோஸ் பெயரில் ஓர் ‘எஃப்’ சேர்த்தார்கள். ஏழெட்டு வருஷத்து ஆரவாரத்துக்கு ஓர் எழுத்து நஷ்ட ஈடு.

‘உங்க எஃப் எங்களுக்கு வேண்டாம்’ என்று ஃப்ளூகல்ஸ் ரசிகர்களில் பலர் மறுத்துவிட்டார்கள். எதிரி வீட்டில் எப்படிக் குடியிருப்பது? அணி இல்லையென்றால் நாமே ஒன்று ஆரம்பிப்போம் என்று பணம் திரட்டினார்கள். ஸ்பெயினின் பார்சிலோனா அணியைச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் சொந்தமாக வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதுதான் மாதிரி. இப்படிப் பிறந்ததுதான் யோகோஹாமா எஃப்சி. சின்னத்தில் ஃபீனிக்ஸ் பறவை. ஜெர்மனியில் ஆடிய முதல் ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒகுதெரா பொறுப்புக்கு வந்தார். 1990-ல் ஜெர்மனிக்காக உலகக் கோப்பை ஜெயித்த லிட்பார்ஸ்கி முதல் பயிற்சியாளர். மூன்றாம் படியில் நுழைந்து இரண்டு வருடமும் முதலிடம். 2001-ல் இரண்டாம் படி. 2006-ல் அதிலும் சாம்பியன். அந்த அணியில் இருந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஃப்ளூகல்ஸின் கடைசிக் கோப்பையைத் தூக்கிய அதே யமகுச்சி!

2007 மார்ச் 10. முதல் டிவிஷனில், சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். எதிரே வேறு யார், எஃப்.மரினோஸ்தான். எஃப்சி 1-0 என்று ஜெயித்தது.

இதோடு ‘சுபம்’ போட்டுவிடலாம் என்றால் நிஜ வாழ்க்கை விடுவதில்லை. அதே ஆகஸ்டில் மரினோஸ் 8-1 என்று சாத்தியெடுத்தது. அந்த வருடம் 34 ஆட்டத்தில் எஃப்சி ஜெயித்தது நான்கே நான்கு. கடைசி இடம். ஆனால் அந்த நாலாவது வெற்றி இருக்கிறதே! டிசம்பர் 1, கடைசி நாள். உராவா ரெட்ஸ் ஜெயித்தால் லீக் பட்டம் அதற்கு. கடைசி இடத்துக்காரனிடம் தோற்குமா என்ன? தோற்றது. பட்டம் காஷிமாவுக்குப் போனது.

இன்னொரு கசப்பையும் சொல்லிவிட வேண்டும். ரசிகர்களின் சந்தா, ஒரு தொழில்முறை அணியின் சம்பளப் பட்டியலுக்குப் போதவில்லை. உறுப்பினர்களுக்கும் நிர்வாகத்துக்கும் மனஸ்தாபம். 2000-களின் நடுவிலேயே ஒரு கேட்டரிங் நிறுவனம் வந்து அணியைத் தாங்கிப் பிடித்தது. கம்பெனியிடமிருந்து தப்பித்து ஆரம்பித்த அணி, மறுபடி கம்பெனியின் மடியில். சிரிப்பதா, அழுவதா? எனக்கு இரண்டும் தோன்றவில்லை. சாப்பாடு போடுகிறவர் மாறினாலும் பிள்ளை உயிரோடு இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

1998 உலகக் கோப்பை அணியிலிருந்து கடைசி நேரத்தில் கழற்றிவிடப்பட்ட கஸுயோஷி மியுரா, 2005-ல் இங்கேதான் வந்து சேர்ந்தார். 2017-ல், ஐம்பது வயது முடிந்து பதினாலாம் நாள், எஃப்சிக்காக ஒரு கோல் போட்டார். ‘முடிந்துபோனவர்’ என்று எழுதப்பட்டவருக்கும் முடிக்கப்பட்ட அணியின் வாரிசுக்கும் நல்ல பொருத்தம்! 2019, 2022, 2024 என்று மூன்று முறை மேலே ஏறி, ஒவ்வொரு முறையும் கீழே சறுக்கியிருக்கிறது எஃப்சி. மூடிவிட்டுப் போகவில்லை.

அந்தக் கடைசி கோல் போட்ட யோஷிடா? மரினோஸுக்கே ஆடப் போனார், பிறகு பயிற்சியாளரானார். அவருடைய விஸல் கோபே அணி 2023, 2024 என்று வரிசையாக இரண்டு முறை லீக் சாம்பியன்.

1998-ல் ஃப்ளூகல்ஸில் புதிதாகச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். யசுஹிட்டோ எண்டோ. சேர்ந்த வருடமே அணி காலி. அழுதுகொண்டு ஊருக்குப் போகாமல் வேறு அணிகளுக்குப் போய், ஜப்பானுக்காக 152 ஆட்டம் ஆடினார். இன்றுவரை அந்நாட்டில் அதுதான் அதிகம். 2024 ஜனவரியில் அவர் ஓய்வு அறிவித்தார். ஃப்ளூகல்ஸ் சட்டை போட்டவர்களில் கடைசியாக ஆடிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

1999-லேயே மூடிவிட்டோம் என்று கணக்கு முடித்தார்களே, அந்த அணி கூடுதலாக இருபத்தைந்து வருஷம் ஆடியிருக்கிறது!