அகிஹபராக் கடைவீதி

டோக்கியோவுக்குப் போய்வந்தவர்களை, “என்னென்ன பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். கோயில், அரண்மனைத் தோட்டம், செர்ரிப் பூ என்று அடுக்குவார்கள். கூடவே பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவன் போயிருந்தால் மட்டும் ‘அகிஹபரா’ என்ற பெயர் முதலில் வரும்.

பெயருக்குப் பின்னால் ஒரு சாமி இருக்கிறார். 1869-ல் இந்த வட்டாரத்தைப் பெருந்தீ அழித்தது. பிறகு இடத்தை வெட்டவெளியாக விட்டு, தீ அண்டாமலிருக்க ஒரு சிறு கோயில் கட்டினார்கள். தீயிலிருந்து காக்கும் அகிபா சாமிதான் அங்கே இருக்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. யுத்தம் முடிந்ததும் ரேடியோ உதிரிச் சாமான் விற்பவர்கள் ரயில் பாலத்தடியில் வந்து குடியேறினார்கள். ஒரு ஆள் உட்காரத்தான் இடமிருக்கும் அந்தக் கடைகளில் சில இன்றைக்கும் இருக்கின்றன. அப்புறம் டெலிவிஷன் வந்தது, ஐஸ் பெட்டி வந்தது, கடைசியில் வீடியோ விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. அகிபா சாமியால் அணைக்க முடியாத தீ இது ஒன்றுதான்!

பற்றவைத்தது நிண்டெண்டோ கம்பெனி. 1889-ல் கியோட்டோ நகரில் பூப்படம் போட்ட சீட்டுக் கட்டு செய்து பிழைக்க ஆரம்பித்தவர்கள், 1983 ஜூலையில் ‘ஃபாமிகாம்’ என்ற பெட்டியை 14,800 யென்னுக்கு விற்றார்கள். அவ்வளவுதான், ஜப்பானியப் பிள்ளைகள் தெரு விளையாட்டை மறந்தார்கள்.

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்தின் மூன்றாம் பாகம் கடைக்கு வந்த தினம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு க்யூவில் நின்ற மாணவர்களில் முந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாகப் போலீஸார் பிடித்தார்களாம். வாங்கிக்கொண்டு திரும்பிய பிள்ளைகளை வழிமறித்துப் பறித்துக்கொண்டதும் உண்டு. அதன்பின் வேலை நாளில் விற்கக்கூடாதென்று சட்டமே போட்டதாக வெளிநாடுகளில் ஒரு கதை உலவுகிறது. சட்டம் ஏதுமில்லை, கம்பெனியே அடுத்த பாகத்தை 1990-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டது.

பெரியவர்கள் மட்டும் சளைத்தவர்களா? 2000 மார்ச் 4-ந் தேதி ஸோனியின் இரண்டாவது பிளேஸ்டேஷன் வந்தபோது, விலை 39,800 யென் என்றாலும் அகிஹபராவில் முதல் நாள் ராத்திரியே வரிசை நீண்டுவிட்டது. அந்தப் பெட்டியில் டி.வி.டி. படமும் பார்க்கலாம். “படம் பார்க்கத்தானே” என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிய கணவன்மார் எத்தனை பேரோ!

இப்போது க்யூவின் கோலம் மாறிவிட்டது. 2020 நவம்பரில் ஐந்தாவது பிளேஸ்டேஷன் வந்த அன்று ஜப்பானில் கடைக்கு நேரில் போய் வாங்க முடியவில்லை, முன்பதிவும் குலுக்கலும்தான். 2025-ல் நிண்டெண்டோவின் ‘ஸ்விட்ச் 2’ பெட்டிக்குக் கம்பெனியின் சொந்த விற்பனையில் மட்டும் சுமார் 22 லட்சம் ஜப்பானியர்கள் குலுக்கலுக்கு மனுப் போட்டார்கள். மனுப் போடவும் அப்போது ஒரு யோக்கியதை வேண்டியிருந்தது: பழைய பெட்டியில் குறைந்தது 50 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும் என்றார்கள். வாங்கி அதிக விலைக்கு விற்கும் தரகர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, நியாயமானதுதான்.

ஆனால் ஒரு தாயாரின் இடத்திலிருந்து பாருங்கள். 1980-களில் பிள்ளைகள் கொண்டாடிய ஆட்ட வீரர் தகாஹாஷி, “நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்” என்று ஊர் ஊராகச் சொன்னார். ககாவா மாகாணத்தில் 2020-ல் அதையே விதியாக்கினார்கள்: பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பள்ளி நாளில் 60 நிமிஷம், விடுமுறையில் 90 நிமிஷம். மீறினால் தண்டனை கிடையாது. அதாவது, கடிகாரத்தைப் பார்த்துப் பெட்டியைப் பிடுங்கும் போலீஸ் உத்தியோகம் அம்மாவின் தலையில் விடிந்தது. இதில் கம்பெனிக்கோ, கடைக்காரருக்கோ, வரிசையில் நின்று வாங்கி வந்த அப்பாவுக்கோ பங்கில்லை!

பழைய பெட்டிகள் விற்கும் மாடிக் கடை ஒன்றுக்கும் போனேன். ஃபாமிகாமின் வெள்ளை உடம்பு மஞ்சள் பாரித்திருக்கிறது, அதற்கும் கிராக்கிதான். வாசலில் ஒரு அம்மாள் பையனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். பையன் ஒருவழியாக வந்துவிட்டான். மேல் மாடிக்குப் போன அப்பாதான் இன்னும் இறங்கவில்லை.